பௌத்த அறமும் படைத்தொழிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சேரம்பாடியில் இத்தலைப்பு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் உள்ளன. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்குகின்றது. தமிழகத்தில் பௌத்தத்திற்குப் புத்துயிர் அளித்த அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) இளமையைக் கழித்ததும் இந்நீலமலையிலேயே. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, டான்டீ தோட்டங்களில் வேர்பிடித்த குடும்பத்தார் பலர் இவ்வரங்கில் அமர்ந்திருக்கின்றீர்கள். பௌத்தத்திற்கு முதன்மை இடம் என அரசமைப்பில் எழுதிக்கொண்ட அந்நாட்டில், 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் உங்களுக்கு வெறும் செய்தியன்று. எனவே, கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட சமயம் படைத்தொழிலை ஏற்குமா என்பது நம் வீட்டு வினா.

முதற்கண் புத்தர் பெருமான் கூறியதைக் காண்போம். இல்லறத்தான் செய்யத்தகாத வணிகங்கள் ஐந்து என்பது அங்குத்தர நிகாயம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றின் வணிகமே அவை. பட்டியலில் முதலில் நிற்பது ஆயுதமே. தக்க காரணமின்றிப் போருக்கெழுந்த படையைக் காணச் செல்லுதலும் துறவிக்குக் குற்றம் என்பது விநய விதி.

இவற்றினும் ஆழமானது சம்யுத்த நிகாயத்து நிகழ்ச்சி ஒன்று. படைத்தொழிலையே வாழ்வாகக் கொண்ட தலைவன் ஒருவன் புத்தரை அணுகுகின்றான். போரில் முனைந்து நின்று மடிபவன் தேவருலகு எய்துவான் எனத் தன் முன்னோராகிய ஆசான்மார் கூறியதைச் சொல்லி, அவர் கருத்தைக் கேட்கின்றான். இருமுறை விடையளிக்க மறுக்கின்றார் புத்தர். மூன்றாம் முறையும் அவன் வற்புறுத்தவே, பிறர் மடியட்டும் என்னும் எண்ணத்தால் ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட நெஞ்சோடு இறப்பவன் அடைவது நரகமே என்கின்றார். தலைவன் அழுகின்றான். இதற்காகத்தான் விடை கூறத் தயங்கினேன் என்கிறார் புத்தர். அவனோ, தம் சொல்லுக்காக அழவில்லை. நெடுங்காலம் ஆசான்மாரால் ஏமாற்றப்பட்டேனே என்றே அழுகின்றேன் என்கின்றான்.

நடுகல் நட்டுப் படையலிட்ட மரபு நம்முடையது. விழுப்புண்ணைப் பெருமையாகப் பாடிய புறப்பாடல்கள் நம்முடையவை. வீரசுவர்க்கம் என்னும் சொல் இன்றும் நம் மேடைகளில் ஒலிக்கின்றது. ஆதலின் அத்தலைவனின் கண்ணீர் நமக்கும் உரியது.

அங்ஙனமாயின் வீரனைப் புத்தர் விலக்கினாரா? இல்லை. லிச்சவியரின் படைத்தலைவன் சிங்கன் அவரை அடைக்கலம் புகுந்தபோது, பதவியைத் துறக்குமாறு அவர் பணித்ததாகப் பாலி நூல் கூறவில்லை. மகத வீரர் சிலர் போர்த்தொழிலின் பாவத்திற்கு அஞ்சித் துறவு பூண்டபோது, பிம்பிசார மன்னன் முறையிட்டான். அதன்பின் அரச பணியாளரைச் சங்கத்தில் சேர்த்தல் ஆகாது என விதி வகுக்கப்பட்டது. போரைப் போற்றாத அறம், அரசின் வலிமையை எதிர்த்து நிற்கவும் இயலாத நிலை இது. இம்முரணை மறைத்துப் பேசுதல் ஆய்வாளர்க்கு அழகன்று.

இம்முரணைச் சுமந்த பேரரசன் அசோகன். கலிங்கப் போரில் ஒரு நூறாயிரம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை நூறாயிரம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் தானே பொறித்து வருந்தினான். சோழரையும் பாண்டியரையும் அக்கல்வெட்டு பெயர் சுட்டுகின்றது. ஆயினும் அவன் கலிங்கத்தைத் திருப்பியளிக்கவில்லை; படையையும் கலைக்கவில்லை. காட்டு மக்களுக்குத் தன் ஆற்றலை நினைவூட்டி எச்சரிப்பதும் அதே கல்வெட்டுத்தான். கலிங்க மண்ணிலுள்ள தௌலியிலும் சௌகதாவிலும் இவ்வாசகம் இடம்பெறவே இல்லை. கழிவிரக்கம் உண்மையே, ஆனால் அதற்கோர் எல்லையிருந்தது.

இனி, நம் காப்பியத்திற்கு வருவோம். மணிபல்லவத்தில் புத்த பீடிகைக்காக நாக மன்னர் இருவர் பொருத நிகழ்ச்சி மணிமேகலையில் உண்டு. புத்தர் தோன்றி அப்பகை தீர்த்தார். இலங்கையின் மகாவம்சமும் முதல் அதிகாரத்திலேயே நாகதீபத்தில் மணியாசனத்திற்காக நாகர் இருவர் போரிட்டதையும் புத்தர் அதனை நிறுத்தியதையும் கூறுகின்றது. இருமொழி மரபும் ஒரே கதையைப் போற்றிக் காத்திருப்பது எத்துணை வியப்பு!

ஆனால் அதே மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் வேறு வழி செல்கின்றது. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகாமணி, மாண்டோரை எண்ணி மன அமைதி இழக்கின்றான். அவனைத் தேற்ற வந்த அருகத்தர்கள், கொல்லப்பட்டோருள் மனிதராக எண்ணத்தக்கவர் ஒன்றரைப் பேரே என்கின்றனர். சரணம் புகுந்தவன் ஒருவன். ஐந்து சீலம் ஏற்றவன் மற்றொருவன். ஏனையோர் விலங்கிற்கு ஒப்பானவராம்! வருந்திய மன்னனின் நெஞ்சில் தம்மம் விழித்திருந்தது. தேற்ற வந்தோர் அதனை உறங்க வைத்தனர். எல்லாளனுக்கு நினைவிடம் எழுப்பி வழிபடச் செய்த அம்மன்னன், தன்னைத் தேற்றியவர்களைவிடப் புத்தருக்கு அண்மையில் நின்றான் என்பேன்.

1956ஆம் ஆண்டு நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், இராணுவ சுபேதாரின் மைந்தர். கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் தேவை வேறு எனத் தம் நூலில் அவர் பிரித்துக் காட்டினார். நடைமுறைக்கு ஏற்ற பகுப்பு இது. எனினும் எல்லா அரசும் தன் விருப்பத்தைத் தேவையென்றே பெயரிட்டு அழைக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

பௌத்த அறமும் படைத்தொழிலும் பொருந்துமா? கொலை ஒருபோதும் பொருந்தாது. கொல்லும் தொழிலில் நிற்க நேர்ந்த மனிதனையோ பௌத்தம் கைவிடவில்லை. ஆயினும் பொய்யான ஆறுதல் கூறி அவனை அனுப்பவும் இல்லை. வறுமையாலோ ஆர்வத்தாலோ நம் தோட்டத்துப் பிள்ளைகள் படையில் சேரலாம். அவர்களைப் பழித்தல் அறமன்று. எதிரே நிற்பவன் விலங்கு என்று எவர் கூறினும் நம்பாதே என அவர்களுக்குச் சொல்லி அனுப்புவோம். அச்சொல்லை விடாது சொல்லிக்கொண்டிருப்பது இலக்கியத்தின் கடன். இவ்வட்டம் அதனை இன்னும் பல்லாண்டு ஆற்றுக என வாழ்த்தி அமைகின்றேன்.