காக்காப்பொன்னை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீங்க

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் போட்டோவில் ஆரம்பிக்குது.

போன சாரல் சீசன்ல தென்காசியில இருந்து என் சித்தப்பா அனுப்பினார். உள்ளங்கை நிறைய ஈர மணல், நடுவுல மஞ்சளா மினுங்குற துகள்கள். அடுத்த நிமிஷமே போன். "ஏலே, நீ கல்லு மண்ணுன்னுதான படிச்ச? இது தங்கம்தானலே?"

குற்றாலம் பக்கம் ஒரு ஓடைக்கரை நிலம் விலைக்கு வந்திருக்கு. மண்ணுல தங்கம் இருக்குன்னு சொல்லி தரகர் விலையை ரெண்டு மடங்கா ஏத்திட்டார். ரெண்டு நாள்ல அட்வான்ஸ் கொடுக்கணும். அது தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் ஓடையில சித்தி கையில ஒரு அகலமான சட்டியைக் கொடுத்து, "அரிசியில கல் அரிக்கிற மாதிரி அரிங்க"ன்னு சொன்னேன். நாலு சுத்து சுத்தினதும் மினுங்குனதெல்லாம் தண்ணியோட வழிஞ்சு போச்சு. அடியில நின்னது கருமணலும் கொஞ்சம் செம்மணலும்தான்.

தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். சாதாரண மணல் 2.65 மடங்கு. மினுங்குனது மைக்கா, அது சுமார் 3 மடங்கு, அதுவும் தட்டையான செதில், அதனால சீக்கிரம் மிதந்து போயிடும். அதுக்கு நம்ம ஆட்கள் எப்பவோ பேர் வச்சுட்டாங்க: காக்காப்பொன்.

சித்தி செஞ்சதைத்தான் ஆறுகளும் செய்யுது. மலைப்பாறையில இருக்குற தங்கம் உதிர்ந்து ஆத்துல விழுந்தா, வேகம் குறையிற வளைவுகள்ல, பாறை இடுக்குகள்ல தங்கிடும். ஆனா மேல மலையில தங்கம் இருந்தாத்தானே கீழ வரும்? நிலம்பூர்ல சாலியாறு மணலை அரிச்சு தங்கம் எடுத்திருக்காங்க. காரணம், மேல வயநாடு, கூடலூர் பக்கம் வெண்கல் பாறைகள்ல தங்கம் இருக்கு. அதைக் கேட்டு 1880 வாக்குல லண்டன்ல கம்பெனிகள் முளைச்சு பங்கு வித்தாங்க. சில வருஷத்துல பெரும்பாலான கம்பெனிகள் மூழ்கிப்போச்சு. தங்கம் இருந்தது, செலவுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு இல்லை.

இதோட பிரம்மாண்ட வடிவம் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட். 1886-ல கண்டுபிடிச்சாங்க, ஜோகன்னஸ்பர்க் நகரமே அதனால பிறந்தது. கிட்டத்தட்ட 300 கோடி வருஷத்துக்கு முந்தைய ஆறுகளோட கூழாங்கற்கள் இறுகிப் பாறையான இடம் அது. மனிதர்கள் இதுவரை எடுத்த தங்கத்துல ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. ஆறே கொண்டுவந்ததா, பிற்பாடு சூடான திரவம் கொண்டுவந்ததா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுறாங்க.

இன்னொரு வகையும் இருக்கு. அமெரிக்காவின் நெவாடாவில் கார்லின், 1961. சுண்ணாம்புச் சத்துள்ள படிவப் பாறைக்குள்ள தங்கம். ஆனா துகள் அவ்வளவு நுண்ணியது, கண்ணுக்கே தெரியாது. சட்டியில அரிச்சாலும் நிக்காது, லேப்தான் சொல்லணும்.

சித்தப்பா விடல. "அப்ப நம்ம மண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம்லலே?"

"சித்தப்பா, குற்றாலத்து மலை பூமிக்கு அடியில பல நூறு டிகிரி சூட்டுல வெந்து உருமாறின பாறை. கார்லின் மாதிரிப் படிவப் பாறை இல்ல. அதோட, தரகர் காட்டினது கண்ணுக்குத் தெரியிற தங்கத்தைத்தானே? அது இப்பத்தான் தண்ணியோட போச்சு."

நண்பர்களே, யாராவது மினுங்குற கல்லையோ மண்ணையோ காட்டி பணம் கேட்டா, முதல்ல ஒரு சட்டியில அரிச்சுப் பாருங்க. அப்பவும் சந்தேகம் இருந்தா, நீங்களே அள்ளின மண்ணை லேபுக்குக் கொடுங்க. அவர் அள்ளித் தந்ததை வேண்டாம்.

சித்தப்பா அங்கேயே நின்னு தரகருக்குப் போன் போட்டார். "மண்ணு விலைக்குத் தாரீரா?"

அதுக்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை. தங்கச்சி கல்யாணம் தை மாசம் நடந்தது.