குளிரூட்டி ஓய்ந்த வீடு

கொழும்பு மாநகரில் தையும் மாசியும் இதமான மாதங்கள் என்பது பழைய கணக்கு. பெப்ரவரியின் பின்னிரவில் வெப்பம் 22, 23 பாகை செல்சியசுக்கு இறங்குவது வழமை. சூரியன் உச்சிக்கு நேராக வருவது ஏப்பிரல் முற்பகுதியிலேயே. ஆயினும், சித்திரைக்குரிய வெக்கை சில ஆண்டுகளில் மாசியிலேயே வந்துவிடுகின்றது. அத்தகைய ஒரு நாளில் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றிலே குளிரூட்டி பழுதாகிவிட்டால், வீட்டார் செய்யத்தக்கது யாது?

பழுது பார்ப்பவரை அழைப்பர். அவரோ, "எல்லா வீட்டிலும் இதே கதைதான், மூன்று நாள் பொறுங்கள்" என்பார். வடிகட்டியைத் தூசி அடைத்திருந்தால் அதனைக் கழுவிப் பூட்டுதல் வீட்டாராலேயே ஆகும். கடலோர உப்புக்காற்று வெளிப்பெட்டியின் தகடுகளை அரித்திருந்தால், அது தொழில் அறிந்தவர் செய்யவேண்டிய வேலை. எனவே, அந்த மூன்று நாளையும் கழிக்கும் வகையை அறிதல் வேண்டும்.

1902 இல் வில்லிஸ் கரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இத்தகைய பொறியை வகுத்தது மனிதரின் சுகத்துக்காக அன்று. புரூக்ளின் நகர அச்சகமொன்றிலே, காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதற்காகவே. வெப்பத்தைத் தணிப்பதோடு ஈரத்தையும் அது அகற்றும். கொழும்பு வாசிகளை வாட்டுவதில் அவ்வீரத்துக்குப் பெரும் பங்குண்டு. வியர்வை உலரும்போதே உடல் குளிர்கின்றது. ஈரம் நிறைந்த காற்றிலே அது எளிதில் உலர்வதில்லை.

வட இந்தியாவின் வறண்ட கோடையில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாயிலில் தொங்கவிட்டால் அறை குளிரும். கொழும்பிலோ நனைந்த திரை புழுக்கத்தையே கூட்டும். இங்கு நனைக்க வேண்டியது திரையை அன்று, உடலையே. ஈரத்துணியால் கழுத்தையும் கைகால்களையும் துடைத்து மின்விசிறியின்முன் அமர்தல் நன்று. கொழும்பில் வெப்பம் 35 பாகையைக் கடப்பது அரிதாதலின், விசிறி இங்கு பயன் தரும்.

அடுத்து, காற்றின் வழியை அறிதல் வேண்டும். பகலிலே கடலிலிருந்தும் இரவிலே நிலத்திலிருந்தும் காற்று வீசும். மேற்குச் சாளரத்தை முற்பகலிலே திறந்து, பிற்பகல் வெயில் விழும்போது திரையிட்டு, இரவிலே எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவைத்தல் தகும். கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளின் உயர்ந்த ஓட்டுக்கூரையும் சுவரின் மேற்புறக் காற்றுத் துளைகளும் சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழிவிட்டன. புதிய தொடர்மாடி அறைகள் பலவற்றுக்கு அவ்வழி இல்லை. அவை பொறியை நம்பியே கட்டப்பட்டவை.

2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிறு முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என அமைச்சர் கூறினார். இத்தகைய வேளையில் குளிரூட்டியோடு விசிறியும் ஓய்ந்துவிடும். மின்னாக்கி இல்லாத மாடிகளிலே மின்தூக்கியும் நீர்ப்பம்பியும் நின்றுவிடும்.

அப்போது இடருறுவோர் யாவர்? பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, நான்காம் மாடியிலே தனித்திருக்கும் முதியோரே. முதுமையில் தாகம் குன்றும். உடல் வற்றுவதை அவர்கள் உணரமாட்டார்கள். 1995 யூலையில் சிக்காகோ நகரத்து வெக்கையில் 700க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் தனித்து வாழ்ந்த முதியோர் பலர். கதவைத் தட்டிப் பார்ப்பார் இல்லாமையும் அவர்கள் இறப்புக்கு ஒரு காரணமாயிற்று.

ஆதலின், குளிரூட்டி ஓய்ந்த நாளிலே அயல்வீட்டு ஆச்சியின் கதவையும் ஒருமுறை தட்டவேண்டும். ஒரு செம்பு மோரோ, செவ்விளநீரோ கொண்டுசென்று, அவர் பருகும்வரை உடனிருத்தல் நன்று. பேச்சுத் தடுமாறி, உடல் அனலாய்க் கொதித்தால், உடனே 1990 ஐ அழைத்து நோயாளர் வண்டியை வரவழைத்து, அது வரும்வரை அவர் உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டிருத்தல் வேண்டும். பழுது பார்ப்பவர் மூன்று நாள் கழித்து வரலாம். இந்த உதவி அன்றைக்கே வேண்டுவது.