ரத்தம் தெளிந்தால் போதுமா?

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அழுத்த அறைக்குள் வளிமண்டலத்தைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் கொடுத்தால் 20 நிமிடம் சொச்சம். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வழக்கமாக நீட்டுவது இந்தக் கணக்கைத்தான். என் பார்வையில் அது சொத்தை வாதம். ஆம்புலன்சிலேயே மாஸ்க் மாட்டிய நோயாளிக்கு, அழுத்த அறை இருக்கும் மருத்துவமனையை எட்டுவதற்குள் ரத்தம் பெருமளவு தெளிந்திருக்கும். அப்புறம் அறை எதற்கு? மூளைக்காக. இந்த நஞ்சு ரத்தத்தோடு நிற்பதில்லை. செல்களுக்குள் புகுந்து அவை ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே முடக்குகிறது, மூளையில் அழற்சியைக் கிளப்புகிறது. பிழைத்து வீடு திரும்பிய சிலர் சில வாரம் கழித்து மறதியும் தள்ளாட்டமுமாக மறுபடி மருத்துவரிடம் வருவது அதனால்தான்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் லிண்டல் வீவர் குழுவினர் 152 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை உயர் அழுத்தம் பெற்றவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஆறு வாரம் கழித்து நினைவாற்றலிலோ சிந்தனையிலோ குறை இருந்தது. மற்றவர்களில் 46 சதவீதம். அந்த மற்றவர்களையும் அதே அறைக்குள்தான் வைத்தார்கள், ஆனால் சிகிச்சை அழுத்தம் தரவில்லை. "1999-இல் மெல்போர்ன் ஆய்வு 191 பேரிடம் பலனே காணவில்லையே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே சிகிச்சை தொடங்கவே சராசரியாக ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர்களோ பாதிக்கும் குறைவு. வீவர் ஆய்வும் அப்பழுக்கற்றதல்ல: ஒப்பீட்டுக் குழுவில் சிறுமூளைப் பாதிப்பு தொடக்கத்திலேயே கூடுதல். 2011-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் முடிவு சொல்ல முடியாமல் நின்றது.

ஆகவே எல்லோரையும் அறைக்குள் அனுப்பச் சொல்லவில்லை. லேசான தலைவலியோடு வந்தவருக்கு மாஸ்க் போதும். நினைவிழந்தவர், கர்ப்பிணி, இதயமோ மூளையோ பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு, அறை எட்டும் தூரத்தில் இருந்தால், காதில் அழுத்தக் காயம், எப்போதாவது வலிப்பு என்ற ஆபத்துகளைப் பொறுத்துக்கொண்டு அனுப்பலாம். ரத்த அழுத்தம் நிலைகொள்ளாத நோயாளியைப் பல மணி நேரப் பயணத்தில் ஏற்றுவது வேறு விஷயம். அதை நான் ஆதரிக்க மாட்டேன். எங்கே அனுப்பினாலும் மாஸ்க் வழியெல்லாம் முகத்தில் இருக்க வேண்டும். விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டுவதை நம்பி மாஸ்கைக் கழற்றிவிடாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் எது, நஞ்சேறியது எது என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.