யாழ்ப்பாண நகரம் பெருகுகின்றதா?



யாழ்ப்பாணம் வளர்கின்றது என்று இன்று பலரும் மகிழ்ந்து பேசுகின்றனர். ஆஸ்பத்திரி வீதியில் மாடிக் கட்டிடங்கள் எழுகின்றன. திருநெல்வேலியிலும் கோண்டாவிலிலும் ஒரு பரப்புக் காணியின் விலையைக் கேட்கவே அச்சமாக இருக்கின்றது. ஆனால் கட்டிடம் பெருகுவது வேறு, குடிசனம் பெருகுவது வேறு. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யாழ் நகரின் தொகை ஏறத்தாழ 62,000. 1949இல் நகரம் மாநகரசபை ஆயிற்று. 1963இல் 94,000ஐத் தாண்டியது. 1981இல் 118,000ஐயும் கடந்தது. அவ்வாண்டிலே கண்டி மாநகரம் ஓர் இலட்சத்தைத்தானும் எட்டியிருக்கவில்லை.

இந்த வளர்ச்சியை உண்டாக்கியவர் யார்? தாமே என்று உத்தியோகத்தர் சொல்வர். நாமும் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்களே. ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும். 1905இல் காங்கேசன்துறை வரை வந்த புகையிரதமும், 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும், நமது கல்லூரிகளும் நகரத்துக்கு உயிர் தந்தன. ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றுநீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தவன் கொண்டுவந்த பணமே பெரியகடையை நிரப்பிற்று. 1970க்குப் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில் அவன் கையில் பணம் புரண்டது. 1977க்குப் பின் கதவு திறக்கப்பட்டபோது முதலில் அடிபட்டவனும் அவனே.

அப்பால் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 1981 மார்ச்சில் மக்களை எண்ணி முடித்தார்கள். ஜூன் பிறக்கும்போது நமது நூலகம் எரிந்துகொண்டிருந்தது. 1983 வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல் விட்டு வெளியேறினார்கள். அந்தக் காணிகளுள் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் நமது அயலவரான முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகதெரு வெறிச்சோடிப் போனதை மறைத்துவிட்டு இந்த நகரின் குடிசனத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே நடந்து சென்றது.

1991இல் நாட்டில் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001இல் நடந்தது வடக்கில் முழுமையாகவில்லை. 31 ஆண்டுகளின் பின், 2012இல் எண்ணியபோது மாநகரசபை எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 88,000 பேர். இது 1963ஆம் ஆண்டின் தொகையிலும் குறைவு! அதே 31 ஆண்டுகளில் இலங்கையின் தொகை 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாயிற்று.

மக்கள் எல்லையைத் தாண்டிக் கொக்குவிலிலும் நல்லூரிலும் குடியேறினார்கள், ஆதலால் நகரம் குறைந்ததுபோல் தோன்றுகின்றது என்று வாதிப்போர் உளர். வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மாவட்டத்தின் கணக்கு அதனைத் தாங்கவில்லை. இன்றைய எல்லைப்படி 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் 6 இலட்சத்தை எட்டவில்லை.

இதனால் வந்த நட்டம் யாது? அரசியலமைப்பின்படி பாராளுமன்ற ஆசனங்களுள் பெரும்பாலானவை பதிவுபெற்ற வாக்காளர் தொகையை வைத்தே மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. கிளிநொச்சியையும் அடக்கிய யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனங்கள் இருந்தன. 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 2020இல் 5 இலட்சத்து 71 ஆயிரமாக இருந்த வாக்காளர் 2024இல் 5 இலட்சத்து 93 ஆயிரமாகக் கூடினர். கூடியும் ஓர் ஆசனம் போயிற்று. மற்ற மாவட்டங்கள் நம்மிலும் விரைந்து பெருகினால் நமது பங்கு சுருங்கியே தீரும். இதில் சதி எதுவும் இல்லை. வெறும் வகுத்தற் கணக்கு. மேடையிலே முழங்கி இதனை மாற்ற முடியாது.

பிள்ளை பெறுங்கள் என்று உபதேசம் செய்யவும் நாம் வரவில்லை. இருக்கிறவர்கள் தங்கவேண்டும், போனவர்களுள் சிலராவது திரும்பவேண்டும். அதற்கு முதல் வேண்டியது தண்ணீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. மாரியில் பெய்வது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கினால்தான் கிணறு ஊறும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இரணைமடுவிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரத் திட்டமிட்டபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயமே. ஒருவனுடைய வயலைக் காயவிட்டு இன்னொருவனுக்குக் குழாய் பூட்டுவது அபிவிருத்தியாகாது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்பது அதன் கொள்ளளவு. நல்லது. ஆனால் அது மின்சாரத்தை உண்டு தரும் நீர். மழை இலவசமாகத் தரும் நீருக்கு வழிவிடும் செம்மண் தோட்டங்களையோ நாம் இரண்டு பரப்பு, மூன்று பரப்பாக வெட்டி விற்று, மதில் கட்டிச் சீமெந்து பூசி மூடுகின்றோம். கமக்காரனுக்குத் தோட்டமும் போகின்றது, நகரத்தவனுக்குக் கிணறும் போகின்றது.

அப்படியானால் வருகிறவர்கள் எங்கே குடியிருப்பது? நகரத்துக்குள்ளேயே இடமுண்டு. உரிமையாளர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை உள. அவற்றின் அற்றோணித் தத்துவங்கள் சட்டத்தரணிகளாகிய எம் போன்றோரின் அலுமாரிகளிலேதான் தூங்குகின்றன. வாடகைக்கு விட்டால் வீடு பறிபோய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் பழிப்பதற்கில்லை. ஆனால் காலமும் நிபந்தனையும் தெளிவாக எழுதிய குத்தகை உறுதியால் அதனைப் பெரும்பாலும் நீக்கலாம். ஒரு வீடு திறந்தால் ஓர் இளங்குடும்பம் ஊரில் நிற்கும். ஒரு தோட்டமும் தப்பும்.

இன்னுமொன்று. ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பைத் திருத்துவதற்கென விபரம் கேட்டுக் கிராம அலுவலர் வரும்போது, 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டிலே குடியிருப்போரைப் பொய்யாகச் சேர்க்கும்படி நாம் கூறவில்லை, அது குற்றம். இங்கே இருப்பவன் பெயர் இல்லாமற் போவதைத்தான் நாம் பொறுக்கலாகாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் உங்கள் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை, உரிமையாளருடன் யார் தொடர்பிலிருக்கின்றார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். உறுதிகளை நாம் எழுதித் தருவோம். அதற்குக் கூலி வாங்கமாட்டோம்.