பழைய உலையும் புதிய உரிமமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. எனக்கு முன் பேசியவர்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டார்கள். ஆகவே, கற்ற கல்வியைக் கொண்டு நாம் என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்பதை, ஒரு பொருளை முன்னிறுத்திப் பேச விழைகின்றேன். கல்பாக்கம் அணுமின் நிலையமே அப்பொருள். வானகரத்திற்கும் அதற்கும் என்ன உறவு என்று பின்வரிசையில் சிலர் புன்னகைக்கிறார்கள். உறவு உண்டு. நம் வீட்டு விளக்குக்கும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நம் பிள்ளைகள் நின்று உழைக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் வரும் மின்சாரத்தில் அதன் பங்கும் கலந்தே வருகிறது. தொலைவோ 60, 70 கிலோமீட்டர்தான்.

நாம் மின்சாரத்திற்குப் பகைவர் அல்லர். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பொதுப்பணி, மின்சாரம் பற்றிய கொள்கைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். மலிவான மின்சாரமும் தொழில் வளர்ச்சியும் இன்றி வறுமையினின்று மீட்சி இல்லை என்பது அவர் கருத்து. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம். பிற மாவட்டங்களில் அதனினும் பன்மடங்கு. பட்டறை நின்றால் கூலியும் நின்றது. அப்போது இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலிட்டு, கூடங்குளம் அணு உலையை எதிர்த்து அமர்ந்திருந்த மீனவ மக்களைக் காட்டி, "உங்கள் இருட்டுக்கு இவர்களே காரணம்" என்றார்கள். நம்மவரில் பலரும் அதனை நம்பினர். கடற்கரை ஏழையை நகரத்து ஏழையின் முன் குற்றவாளியாக நிறுத்துவது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் திரண்டிருந்த அம்மக்கள் மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பதிவாயின.

கூடங்குளம் புதிய உலை. கல்பாக்கத்தில் எழுவது வேறு கேள்வி. அங்குள்ள முதல் உலை 1984 ஜனவரியிலும், இரண்டாம் உலை 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. உலைக்கலத்தின் உள்ளே 306 குழாய்கள் உண்டு. எரிபொருள் அவற்றினுள் இருக்கிறது. அதன் வெப்பத்தைக் கனநீர் சுமந்து செல்கிறது. இரவும் பகலும் நியூட்ரான் தாக்குவதால் இக்குழாய்கள் நாளடைவில் நீள்கின்றன, தொய்கின்றன, உறுதி குன்றுகின்றன. இரு உலைகளிலும் 2002க்குப் பின்னர் அவற்றை அகற்றிப் புதியவை பொருத்தினார்கள். அது பெருஞ்சாதனை, நம் நாட்டுப் பொறியாளர் செய்தது. ஆனால் உலைக்கலம் பழையதே. பேருந்துக்கு எஞ்சினை மாற்றலாம். அடிச்சட்டத்தின் வயது குறைவதில்லை. 1999 மார்ச் 26 அன்று இரண்டாம் உலையில் டன் கணக்கில் கனநீர் கசிந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையின் நீர் நீரேற்று நிலையத்துள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலை முறையாக நிறுத்தப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். முதல் உலையோ 2018 ஜனவரியில் நின்று, பல ஆண்டுகள் நின்றபடியே கிடந்தது.

பழைய பேருந்துக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அணு உலைக்கும் உரிமம் குறித்த ஆண்டுகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். புதிதாக ஓர் ஆலை கட்டுவதானால் சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். பழைய உலைக்கு உரிமம் நீட்டும்போது சதுரங்கப்பட்டினத்துக் குடியானவனையோ புதுப்பட்டினத்து மீனவப் பெண்ணையோ அழைத்து எவரும் கேட்பதில்லை. அந்த வாரியமே, தான் கண்காணிக்க வேண்டிய துறையின் தலைமைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2012இல் குறை கூறினார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வாரியத்திற்குச் சட்டப்படியான நிலையைத் தருகிறது. அதே சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிடுகிறது. வயது முதிர்ந்த உலையை இலாபம் நாடுவோர் ஓட்டும் காலமும் வரலாம். அப்போது கேட்பவர் யார்?

அமெரிக்காவில் வெர்மாண்ட் என்றொரு சிறு மாநிலம். அங்கு 1972 முதல் ஓடிய உலைக்கு நாற்பதாண்டு உரிமம் 2012இல் முடிய இருந்தது. 2007இல் குளிர்விப்புக் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. 2010இல் நிலத்தடியில் கதிரியக்கக் கசிவு வெளிப்பட்டது. ஊர்க் கூட்டங்களில் மக்கள் தீர்மானம் போட்டார்கள். முதிய பெண்மணிகள் ஆலை வாயிலில் அமர்ந்து மீண்டும் மீண்டும் கைதானார்கள். 2010 பிப்ரவரியில் மாநில மேலவை 26க்கு 4 என்ற வாக்கில் நீட்டிப்பை மறுத்தது. எனினும் மத்திய ஆணையம் இருபதாண்டு நீட்டித்தது. நீதிமன்றமும் மாநிலத்திற்கு அவ்வதிகாரம் இல்லை என்றது. முடிவில் 2014 டிசம்பரில், செலவு கட்டுப்படியாகவில்லை என்று கூறி நிறுவனமே ஆலையை மூடியது. மக்கள் வென்றார்களா, சந்தை வென்றதா என்று அங்கே இன்னமும் வாதிடலாம். ஆனால் ஒரு தாளும் மக்கள் கண்ணில் படாமல் அவ்வுரிமம் நீளவில்லை. நான் மதிப்பது அதனையே.

நம் சமூகத்திற்கென்று தனியே ஒரு கேள்வியும் உண்டு. உலை முதுமை அடைய அடையப் பழுதுபார்க்கும் வேலை பெருகும். நிறுத்தக் காலங்களில் ஒப்பந்ததாரர் வழியே துடைக்கவும், வண்ணம் பூசவும், சுமக்கவும் ஆட்கள் வருவார்கள். எந்த நாட்டிலும் எந்த ஆலையிலும் அவ்வேலைக்கு வரிசையில் நிற்பவர் எத்தெருவினர் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிரந்தர ஊழியர் பெற்ற கதிர்வீச்சின் அளவு ஆண்டுதோறும் பதிவாகிறது. மூன்று மாதம் வேலை செய்துவிட்டு வேறு ஊர் போய்விட்ட ஒப்பந்தக் கூலியின் ஏடு யாரிடம் இருக்கிறது? பத்தாண்டு கழித்து அவன் நோயுற்றால் அந்த ஏட்டை யார் எடுத்துத் தருவார்?

உலையை இன்றே மூடு என்று இம்மேடையில் நான் சொல்லவில்லை. அதற்குரிய பொறியியல் அறிவு எனக்கில்லை. நான் வரலாறு படித்தவன். உரிமம் நீட்டுமுன் பாதுகாப்பு மறு ஆய்வின் அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள், சுற்றுப்புற ஊர்களில் கூட்டம் நடத்துங்கள், ஒப்பந்தத் தொழிலாளரின் ஏட்டைக் காட்டுங்கள் என்று கேட்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரையே அவசரகாலத் திட்டப் பகுதி. நாம் அதற்கு வெளியே இருக்கிறோம். அதற்குள் இருப்பவர் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சலாம். நமக்கு அந்த அச்சமில்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி வாரியத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மறுப்பும் ஓர் ஆவணமே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எவரும் எழுதக்கூடிய விண்ணப்பம் அது. வரைவு எழுத முன்வரும் இளைஞர்கள் வரும் ஞாயிறு மாலை நம் கழக நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தை நான் செலுத்திவிடுகிறேன். பிழையின்றி எழுதுவது உங்கள் பொறுப்பு.