பத்தாயமும் விதைநெல்லும்



கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் இன்னும் எவ்வளவு பெரிதாகும் என்று பேசச் சொன்னார்கள். தஞ்சாவூர்க்காரனுக்குப் பத்தாயத்தைப் பற்றிப் பேசச் சொன்ன மாதிரிதான்!

1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்கில் 2 அடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தான் பிடித்தன. 2024-இல் உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் 30 டெராபைட் வந்துவிட்டது. அதாவது 60 லட்சம் மடங்கு.

இனி எப்படிப் பெரிதாக்குவது? காந்தப் புள்ளியை மிகச் சிறிதாக்கினால், அறையின் சாதாரண வெப்பமே அதைப் புரட்டிப்போட்டுவிடும். புரளாத உலோகக் கலவையைப் போட்டால் எழுதுவதே கஷ்டம். அதனால் எழுதும் நொடியில் மட்டும் லேசர் கொண்டு அந்தப் புள்ளியைச் சூடாக்கி, எழுதி, உடனே ஆறவிடுகிறார்கள். இன்னும் பெரிய டிஸ்குகள் இந்த வழியிலும் வருகின்றன.

ஆனால் பெரிதாவதில் ஓர் ஆபத்தும் உண்டு. விநாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் படித்தாலும், 30 டெராபைட்டைப் பிரதி எடுக்க 33 மணி நேரம் ஆகும். அதற்குள் டிஸ்க் போய்விட்டால்?

எனக்குப் போயிருக்கிறது. காலமான அப்பாவின் குரல், கல்யாணப் படங்கள், பழைய நிலக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் வைத்திருந்தேன். ஒருநாள் "டக் டக்" என்று சத்தம். அவ்வளவுதான். அம்மா கேட்டார்: "பத்தாயத்துல பூச்சி விழுந்தாக்கூட பாதி நெல்லு தேறும். இதுல ஒண்ணுமே தேறலையாப்பா?" பொறியாளன் என்னிடம் பதில் இல்லை.

பதில் நம் மண்ணிலேயே இருக்கிறது. சரசுவதி மகாலில் பல்லாயிரம் சுவடிகளைப் பார்க்கிறோம். ஓலை நைந்துபோகுமுன் யாரோ புது ஓலையில் பெயர்த்து எழுதியதால்தான் பழைய நூல்கள் பல நம்மிடம் வந்து சேர்ந்தன. பெயர்த்து எழுத ஆளில்லாதவை கரையானுக்குப் போயின.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன், 2018-இல் மறையும்வரை, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஓர் ஊரில் வெள்ளம் வந்தாலும் இன்னோர் ஊரில் விதை இருக்கும். பூட்டி வைத்த விதை முளைப்பை இழக்கும். ஆண்டுதோறும் விதைத்தால்தான் விதை.

தகவலும் அப்படித்தான். பெரிய டிஸ்க் பத்தாயம், பிரதிதான் விதைநெல். மூன்று பிரதி இருக்கட்டும். ஒன்று வெளியூரில் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டில் புது டிஸ்குக்கு மாற்றுங்கள்.

நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து ஒரு டிஸ்கில் போடப் போவதாகச் செயலாளர் சொன்னார். ஒன்றில் மட்டும் வேண்டாம் ஐயா. ஒரு பிரதியை என்னிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு கூடும்போது சரிபார்த்து, இரண்டாகத் திருப்பித் தருகிறேன்.