ஆராய்ச்சி சோறு போடுமா?



"ஆராய்ச்சி சோறு போடுமா?" என்று எனக்கு முன் பேசிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். தோட்டத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த சமுதாயம் நாம். மருத்துவம், சட்டம் என்றால் பெற்றோர் முகம் மலர்கிறது. இயற்பியல் என்றால் வாடிவிடுகிறது. அவர்களுக்காக ஓர் ஆய்வாளரின் கதையைச் சொல்கிறேன்.

ஜப்பானியரான இசாமு அகாசாகி 1929-இல் பிறந்தவர். செமிகண்டக்டர் எனப்படும் குறைகடத்திப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிச் சோதிப்பதே அவருடைய தொழில். சிவப்பு ஒளி தரும் எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பிறகு பச்சையும் வந்தது. நீலம் மட்டும் கைகூடவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி இல்லை. வெள்ளை ஒளி இல்லாமல் வீட்டுக்கு எல்இடி விளக்கு இல்லை.

கேலியம் நைட்ரைடு என்ற பொருளில் நீல ஒளி கிடைக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால், அதைப் பழுதில்லாத படிகமாக வளர்க்க முடியவில்லை. பலர் அதைக் கைவிட்டு வேறு பொருளை நாடினர். 1973-இல் அதில் இறங்கிய அகாசாகி மட்டும் விடவில்லை. 1981-இல் நகோயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மறு ஆண்டு ஹிரோஷி அமானோ என்ற மாணவர் அவரிடம் வந்து சேர்ந்தார். ஆயிரம் முறைக்கு மேல் முயன்றும் மங்கிய படிகமே கிடைத்தது.

1985-இல் அமானோவுக்கு வயது 24. நீலக்கல் தட்டின் மேல், குறைந்த வெப்பத்தில், அலுமினியம் நைட்ரைடை மெல்லிய படலமாகப் படியவிட்டு, அதன்மேல் படிகத்தை வளர்த்தார். கண்ணாடிபோல் தெளிந்த படிகம் கிடைத்தது. நீலக்கல்லின் அணு அடுக்கும் படிகத்தின் அணு அடுக்கும் பொருந்தாதவை. இடையே விரித்த படலம் மெத்தைபோல் இரண்டையும் இணக்கி வைத்தது. 1989-இல் இருவரும் அடுத்த தடையையும் தாண்டி, நீல ஒளி தரும் எல்இடியைச் செய்து காட்டினர். 1993-இல் நிச்சியா நிறுவனத்தின் சுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அகாசாகிக்கு வயது 85. 2021-இல் அவர் காலமானார்.

சோறு போட்டதா? அவருடைய காப்புரிமை வருவாயைக் கொண்டு நகோயா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிலையமே 2006-இல் எழுந்தது. உலக மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விளக்கெரிக்கவே செலவாகிறது என்று நோபல் குழு அன்று சுட்டியது. அந்தச் செலவைக் குறைக்கும் விளக்கு இன்று நம் வீட்டுக் கூரையில் எரிகிறது.

எல்லா ஆய்வாளரும் வெல்வதில்லை. வேறு பொருளை நாடியவர்களும் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். அதனால் எல்லாப் பிள்ளைகளையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை.

1972 முதல் பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலைகளில் சில்லுகளைப் பொருத்தும் வேலை நடக்கிறது. நம் பெண்களும் அங்கே உழைத்துக் குடும்பத்தைக் காத்தார்கள். அது பெருமைதான். ஆனால், அந்தச் சில்லுக்கான பொருளை ஆராயும் மேசையிலும் நம் பிள்ளைகள் உட்கார வேண்டாமா?

விருப்பமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். "எப்போது சம்பாதிப்பாய்?" என்று கேட்குமுன், "இன்று என்ன சோதித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.